நாற்சந்திப் பேயும் பருத்திக்காட்டுப் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பற்றிய கட்டுரையில், ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பினக் கலைஞர் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் வித்தையைப் பெற்றார் என்ற கதையே பெரும்பகுதியை நிறைத்திருந்தது. கதை சுவையானதுதான், முச்சந்தியில் கழிப்புக் கழிக்கும் வழக்கமுள்ள எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதை நம்பவைப்பதும் எளிது. ஆனால், அந்த இசை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதையே விடையாகத் தந்துவிட்டதுதான் உறுத்துகிறது.

ஜான்சன் பாடியது டெல்டா ப்ளூஸ் எனப்படும் வகை. டெல்டா என்றதும் நமக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வரும். இது கழிமுகம் அன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மிசிசிப்பி, யாசூ ஆகிய இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட வண்டல் சமவெளி. அங்கே பருத்திதான் எல்லாம். அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்த பின்னும், விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் வெள்ளைப் பண்ணையார்களின் நிலத்தை விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுது, பண்ணைக் கடையில் மாவுக்கும் உப்புக்கும் பட்ட கடனை அறுவடைக் கணக்கில் கழித்தபின் பல ஆண்டுகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். களை வெட்டும்போது ஒருவர் குரலெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிய பாட்டும், தேவாலயப் பாட்டும், தனியாக ஏர் பிடித்தவரின் கூவலும் கலந்து உருவானதே இந்த இசை. அதன் வேர்களை ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்கா வரை தேடிச் சென்றிருக்கிறார்கள். 1895-இல் தொடங்கப்பட்ட அப்பகுதி டாக்கரி பருத்திப் பண்ணையில் வளர்ந்த சார்லி பாட்டன் என்ற பாடகர் 1929-இல் இசைத்தட்டுக்குப் பாடியபோது, 1911-இல் பிறந்த ஜான்சன் இன்னும் பெயர் தெரியாத இளைஞர்.

டி. கல்லுப்பட்டிக் கரிசலில் பருத்தி எடுக்கப்போன என் தாயார் பாட, நிரையில் இருந்த பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. குனிந்த முதுகோடு பாடுகிறவருக்கு மூச்சின் நீளமே அடியின் நீளம் என்பதை மட்டும் அங்கே கண்டிருக்கிறேன்.

இந்த இசை பற்றிய பழைய நேரடிச் சாட்சியங்களுள் ஒன்று டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவருடையது. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் அவர் வண்டிக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடுத்திய ஒருவர் கத்தியைக் கிதார் தந்திமேல் அழுத்தி இழைத்தபடி ஒரே அடியை மூன்று முறை பாடியிருக்கிறார். கோட்டுவாத்தியத்தில் கட்டை தந்திமேல் வழுக்கும்போது சுரம் அறுபடாமல் வளைவதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலியை விளக்க வேண்டியதில்லை. அந்த அடி சொன்னதும் ஒரு சந்தியைப் பற்றித்தான். ஆனால் அது இரண்டு ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம். பேய் இல்லை.

கட்டுரையாளர் சான்று காட்டிய ஜான்சனின் நாற்சந்திப் பாட்டிலும் பேய் இல்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோ நகரில் பதிவான அப்பாட்டில், ஒருவர் நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார். போகிற வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார். ஒன்றும் நிற்கவில்லை, பொழுது சாய்கிறது. அந்தக் காலத்து மிசிசிப்பியில் இருட்டிய பின் சாலையில் தனியாக நிற்கும் கறுப்பினத்தவர் அஞ்சவேண்டியது மனிதர்களுக்குத்தான். ஜான்சனின் வேறு சில பாடல்களில் சாத்தான் வருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆன்மாவை விற்ற கதை, ராபர்ட்டுக்கு உறவில்லாத டாமி ஜான்சன் என்ற மற்றொரு கலைஞரைப் பற்றி டாமியின் சகோதரர் சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. ராபர்ட் ஜான்சன் கற்றது ஐக் ஜிம்மர்மன் என்ற ஆசிரியரிடம். தொந்தரவு இருக்காது என்பதால் இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள் என்று ஐக்கின் குடும்பத்தார் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை என்பது, நாற்பது ஆண்டு கரும்பலகை முன் நின்ற எனக்குக் கூடுதலாகவே வலித்தது.

இந்த இசையின் செல்வாக்கைக் கட்டுரை இரண்டு வரியில் முடித்துவிட்டது. 1941-இல் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸின் பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அங்கேயே சென்று பதிவு செய்தார்கள். அவர் 1943-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, நகரத்து இரைச்சலுக்கு ஈடுகொடுக்க மின்கிதாரை எடுத்தார். 1950-இல் அவர் பாடிய ஒரு பாட்டின் பெயரைத்தான் 1962-இல் லண்டன் இளைஞர்கள் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். அந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் படத்தைப் பெரிதாக வெளியிட்ட தாங்கள், மடி வாட்டர்ஸின் பெயரையாவது கீழே சேர்த்திருக்கலாம்.

ஐக் ஜிம்மர்மன் பெயரையும் டாக்கரி பண்ணையையும் குறிப்பிட்டு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் அதற்குமுன் அந்த 1936-ஆம் ஆண்டுப் பதிவை ஒருமுறை கேட்கட்டும். மூன்று நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.