கப்பலும் லாரியும் உங்கள் கணக்கில் வரட்டும்: துறைமுக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

துறைமுக வாரியங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

துறைமுகங்களின் ஆண்டறிக்கைகளில் சுற்றுச்சூழல் பகுதியை நான் விடாமல் படிப்பவன். நிர்வாகக் கட்டடத்தின் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்தியது, சாலையோரம் மரக்கன்றுகள் நட்டது, அதிகாரிகளுக்கு மின்சாரக் கார்கள் வாங்கியது என்று பல அறிக்கைகள் பெருமையோடு தொடங்குகின்றன. செய்தவை நல்லவையே. ஆனால் அதே கூரையில் ஏறி நின்று பார்த்தால், சரக்குப் பெட்டகக் கப்பலொன்று கரையோரம் கட்டிப்போட்ட இடத்திலேயே இரவும் பகலும் புகைந்துகொண்டிருப்பது தெரியும். வாயிலுக்கு வெளியே லாரிகள் இயந்திரத்தை அணைக்காமல் வரிசையில் நிற்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் அறிக்கையின் கணக்கில் இடமிருப்பதில்லை. கேட்டால், 'கப்பலும் எங்களுடையதல்ல, லாரியும் எங்களுடையதல்ல' என்கிறீர்கள்.

இந்தப் பதிலைக் கைவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கப்பல் உங்களுடையதல்ல என்பது உண்மைதான். அது வந்து நிற்கும் துறை, அதாவது கப்பலணையும் மேடை, உங்களுடையது. சரக்கை ஏற்றி இறக்கும் முனையத்தை நடத்தும் நிறுவனம் உங்கள் குத்தகைதாரர். துறைமுகக் கட்டணத்தை வசூலிப்பவர்கள் நீங்கள். எந்த லாரி வாயிலைக் கடக்கலாம் என்று முடிவுசெய்பவர்களும் நீங்கள். பணம் வாங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரம், புகையைப் பற்றிப் பேசும்போது மட்டும் எப்படிக் காணாமல் போகிறது?

துறையில் நிற்கும் கப்பலின் முதன்மை இயந்திரம் ஓய்வில்தான் இருக்கும். விளக்குகள், காற்றோட்டம், குளிரூட்டப்பட்ட பெட்டகங்கள், பம்புகள் ஆகியவற்றுக்கு மின்சாரம் தரத் துணை இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். எண்ணெய்க் கப்பலென்றால் கொதிகலனும் சேர்ந்து எரியும். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகளாவிய விதி. அதற்கு முன்பு 3.5 சதவீதம் வரை அனுமதி இருந்தது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் டீசலில் அனுமதிக்கப்படும் கந்தகத்தோடு ஒப்பிட்டால் இது 500 மடங்கு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்திவிட்டது. துறைமுக மதிலை ஒட்டி வாழ்பவர்கள் மூச்சோடு உள்ளிழுப்பது அந்தப் புகையைத்தான்.

இதற்கு மாற்று புதிதல்ல. கரையிலிருந்து கம்பிவடம் போட்டு மின்சாரம் தந்தால் கப்பல் தன் ஜெனரேட்டர்களை நிறுத்திவிடலாம். ஸ்வீடனின் கோதன்பர்க் 2000ஆம் ஆண்டிலேயே உயர் மின்னழுத்தத்தில் இதைச் செய்துகாட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் 2004இல் பெட்டகக் கப்பலுக்குக் கொடுத்தது. ஒரு துறைமுகத்தின் இணைப்பு இன்னொன்றில் பொருந்தாது என்ற சாக்கும் 2012இல் பன்னாட்டுத் தரநிலை வந்த பிறகு வலுவிழந்துவிட்டது.

ஆனால் இணைப்பை நிறுவிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்பதை நீங்களே அறிவீர்கள். கப்பல் எரிக்கும் எண்ணெய்க்குப் பல நாடுகளில் வரி கிடையாது. கரையிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு வரி உண்டு. கப்பல் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்வீடனும் ஜெர்மனியும் இதை உணர்ந்து, கரை மின்சாரத்தின் வரியைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியத்திடம் 2011இல் அனுமதி பெற்றன. உங்கள் அரசிடம் அப்படியொரு கோரிக்கையை நீங்கள் வைத்ததுண்டா? கலிபோர்னியா கட்டாயம் என்ற வழியில் போனது. 2014 முதல் அடிக்கடி வந்துபோகும் ஒவ்வொரு பெட்டகக் கப்பல் நிறுவனமும் அங்கு தன் வருகைகளில் பாதியிலாவது துறையில் புகையைத் தவிர்க்க வேண்டியிருந்தது. 2020இல் அந்த அளவு 80 சதவீதமானது. ஐரோப்பாவின் முக்கியத் துறைமுகங்களில் பெட்டகக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் 2030 முதல் கரை மின்சாரம் கட்டாயம். விதி வருவதற்கு முன்பே உங்கள் கட்டணப் பட்டியலை மாற்ற உங்களை யாரும் தடுக்கவில்லை. மின்சாரம் எடுக்கும் கப்பலுக்குக் குறைவாகவும், புகைவிடும் கப்பலுக்குக் கூடுதலாகவும் கட்டணம் வையுங்கள்.

நிலக்கரியில் எரிந்து வரும் மின்சாரத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். கரிமக் கணக்கில் அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் மூச்சுவிடும் குழந்தைக்கு மாற்றம் கப்பல் இயந்திரம் நின்ற அன்றே தொடங்கிவிடும்.

லாரிகளுக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் ஆகிய அண்டைத் துறைமுகங்கள் 2006இல் கூட்டாக ஒரு தூய காற்றுத் திட்டம் வகுத்தன. 2008 அக்டோபரில் 1989க்கு முந்தைய லாரிகள் வாயிலில் நிறுத்தப்பட்டன. 2012 தொடங்கியபோது 2007ஆம் ஆண்டின் புகைத் தரத்தை எட்டாத எந்த லாரிக்கும் நுழைவில்லை. 2005ஐ அடிப்படையாக வைத்து இரண்டு துறைமுகங்களும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகின்றன. டீசல் துகள்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அந்தக் கணக்கில் கப்பல், லாரி, ரயில், கிரேன், இழுவைப் படகு எல்லாம் அடக்கம். யாருடையது என்று பார்த்து எதையும் ஒதுக்கவில்லை. குறைந்ததற்கு முதல் காரணம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஊரில் ஒரு கசப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. புதிய லாரிகளின் விலை கடைசியில் பல ஓட்டுநர்களின் தலையில் விழுந்தது. ஊழியர்களாகக் கருதப்படாமல் ஒப்பந்தக்காரர்கள் என்ற பெயரில் ஓட்டிய அவர்கள், வாகனக் குத்தகைத் தவணையைக் கட்டமுடியாமல் கடனில் சிக்கினார்கள். மின்சார லாரிக்கு மாறும்படி நீங்கள் நாளை ஆணையிடும்போது, செலவைச் சரக்கின் உரிமையாளர்களும் கப்பல் நிறுவனங்களும் ஏற்கும்படி எழுதுங்கள். தூய காற்றுக்கான விலையை, அந்தப் புகையை அதிகம் சுவாசித்தவரிடமே வசூலிப்பது அநீதி.

காத்திருப்பு என்னும் நோயைக் குணப்படுத்த நீங்கள் பெரிய முதலீடுகூடச் செய்ய வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது பல துறைமுகங்களின் பழைய வழக்கம். அதனால் கப்பல்கள் வேகமாக எண்ணெயை எரித்துக்கொண்டு வந்து, நங்கூரமிட்டு நாள்கணக்கில் நிற்கின்றன. மாலுமியைக் குறைசொல்ல முடியாது, ஒப்பந்தமே அவரை விரைவாகப் போகச் சொல்கிறது. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் எல்லையில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தேங்கின; பல ஆண்டுகளாக இறங்கிவந்த மாசின் அளவு அந்த ஆண்டு ஏறியது. அந்த நவம்பரில் வரிசை முறையை மாற்றினார்கள். வந்து சேர்ந்த நேரத்துக்குப் பதிலாக, முந்தைய துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நேரத்தை வைத்து இடம் கொடுத்தார்கள். கப்பல்கள் வேகத்தைக் குறைத்து, கரையை நெருங்காமல் தொலைவிலேயே இருக்க முடிந்தது. மணிக்கு எரியும் எண்ணெய் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும் என்பதால் சிறிது வேகம் குறைந்தாலே மிச்சம் பெரிது. துறை எப்போது காலியாகும் என்ற தகவலை முன்கூட்டியே, நம்பும்படி, கப்பலுக்குச் சொல்லுங்கள். இது உங்கள் கையில் உள்ள தகவல்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தக விதியைச் சமாளிக்கப் பல கப்பல்கள் புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த நீரைக் கடலிலேயே விடுகின்றன. காற்றுக்குப் போகவிருந்த அமிலமும் கன உலோகங்களும் துறைமுக நீரில் இறங்குகின்றன. சிங்கப்பூர் 2020 தொடக்கத்திலிருந்தே தன் துறைமுக நீர்ப்பரப்பில் இதைத் தடைசெய்துவிட்டது. நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்? சமநிலைக்காகக் கப்பல் சுமந்துவரும் நீரோடு வந்த வரிச்சிப்பி என்னும் அயல் உயிரினம் அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அங்கிருந்து இன்றுவரை அகற்ற முடியவில்லை. அந்த நீரைச் சுத்திகரிக்கச் சொல்லும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சோதிக்க ஆளும் கருவியும் துறைமுகத்தில் இல்லையென்றால் அது தாளில்தான் இருக்கும்.

செலவு கூடினால் கப்பல்கள் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும் என்ற உங்கள் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அதனால்தான் இந்த மடலை ஒரு வாரியத்துக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். போட்டித் துறைமுகங்கள் இரண்டு சேர்ந்து ஒரே விதியை வைக்கலாம் என்பதற்கு மேலே சொன்ன அண்டைத் துறைமுகங்களே சான்று.

முனையக் குத்தகைகள் இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கையெழுத்தாகின்றன. இன்று எழுதும் குத்தகையில் கரை மின்சாரமும் மின்சாரக் கிரேன்களும் ஆண்டுவாரியான இலக்கும் அபராதமும் இல்லையென்றால், அடுத்த வாய்ப்பு 2050ஐ ஒட்டித்தான் வரும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு நிகர சுழிய உமிழ்வுக்குக் குறித்திருக்கும் காலமும் அதுவே. ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. அடுத்து புதுப்பிக்கவிருக்கும் குத்தகையின் வரைவைக் கையெழுத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். அடுத்த ஆண்டறிக்கையில், உங்கள் நீர்ப்பரப்புக்குள் நின்ற ஒவ்வொரு கப்பலும் உங்கள் வாயிலைக் கடந்த ஒவ்வொரு லாரியும் விட்ட புகையைக் கணக்கிட்டு, சூரிய மின்தகடுகளுக்கு முந்தைய பக்கத்தில் அச்சிடுங்கள்.