ரோட்டில் காயும் கொள்ளு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருடம் 100 சிசி வண்டியிலேயே ஓட்டிவிட்டு இப்போதுதான் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் எடுத்திருக்கிறேன். 17 லிட்டர் டேங்க், பெட்ரோலோடு 196 கிலோ. நின்ற இடத்தில் உருட்டினால் எருமையை இழுப்பது போல இருக்கிறது, ஓட ஆரம்பித்ததும் அந்தக் கனம் எங்கே போனதென்றே தெரியவில்லை, அவ்வளவு நல்ல வண்டி. முதல் ஓட்டத்துக்குக் கொடைக்கானல் போகச் சொன்னார்கள். எனக்கு அப்பா பிறந்த பக்கம் போகத்தான் ஆசை. ஞாயிறு காலை மதுரை காளவாசலில் கிளம்பி செக்கானூரணி, உசிலம்பட்டி, அப்புறம் எழுமலை, பேரையூர், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஒரு சுற்று.

உசிலம்பட்டி வரை நல்ல ரோடு. எழுமலை ரோட்டில் மேற்கே மலை தெரிய ஆரம்பித்து, மனசு லேசாகி, ஒரு வளைவு திரும்பினால் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து பயறு உதிரும் என்று பரப்பி வைத்திருந்தார்கள். பிரேக்கைத் தொட்டதும் முன்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியது, காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், சரி, டயருக்கும் தாருக்கும் நடுவில் செடி கிடந்தால் டயர் எதைப் பிடிக்கும்? புது வண்டி, முதல் 500 கிலோமீட்டர் இன்ஜினை விரட்டக் கூடாது என்று 50-ஐத் தாண்டாமல் வந்ததால்தான் பிழைத்தேன். பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பதறி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். "ஏம்மா ரோட்டுல போடுறீங்க?" என்று கேட்டேன். "களத்துல கருவேலம் மண்டிக் கெடக்கு தம்பி, வேற எங்கன கொண்டுபோய்க் காயப் போடுறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. மூன்று மாதம் பாடுபட்டு விளைந்ததை அவர் எங்கேதான் கொண்டு போவார்?

மாவட்ட நிர்வாகத்தை நான் கேட்பது இதுதான். மானாவாரிக் கிராமங்களில் இருக்கிற களத்தில் கருவேலத்தை வெட்டிச் சிமென்ட் தளம் போட்டுக் கொடுங்கள், களமே இல்லாத ஊருக்குப் புதிதாகக் கட்டிக் கொடுங்கள். 100 நாள் வேலைத் திட்டத்தில் பல ஊராட்சிகளில் உலர்களம் கட்டியிருக்கிறார்கள், இங்கேயும் முடியும். ஒவ்வொரு அறுப்புக்கும் இந்த ரோட்டில் பால்காரரும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் சைக்கிளில் இதே செடி மேல்தான் போகிறார்கள், அவர்களுக்கு ஏபிஎஸ் கூடக் கிடையாது.

இன்னொன்று, செடியைச் சுற்றி வைக்கிற கல். பகலில் கண்ணுக்குத் தெரியும். செடியை அள்ளிய பிறகும் கல் ரோட்டிலேயே கிடக்கிறது, விளக்கில்லாத ரோட்டில் ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது கல்லாவது மண்ணாவது, ஒன்றும் தெரியாது. களம் வருகிற வரைக்குமாவது வளைவில் போடாதீர்கள், பாதி ரோட்டை விட்டு வையுங்கள், அள்ளினதும் கல்லை எடுத்துவிடுங்கள் என்று ஊராட்சியில் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். நான் ஹெல்மெட் மாட்டிக் கிளம்புவதற்குள்ளேயே அந்த அம்மா வளைவில் கிடந்த செடியை வாரி அந்தப் பக்கம் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.