சமன்பாட்டுக்கு முன் ஒரு மரக்குற்றி

திருகோணமலை மாவட்ட விஞ்ஞானப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம். தரம் 10 இல் நியூற்றனின் விதிகளைத் தொடங்குமுன், உராய்வுச் சோதனைக்கென்றே இரண்டு இரட்டைப் பாடவேளைகளை ஒதுக்கித் தாருங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

'விசை = திணிவு × ஆர்முடுகல்' என்று பிள்ளைகள் மனனமாகச் சொல்கிறார்கள். நேர்வீதியில் மாறாத வேகத்தில் ஓடும் பஸ்ஸின் விளையுள் விசை (எல்லா விசைகளும் சேர்ந்த மொத்தம்) என்ன என்று கேட்டால், பூச்சியம் என்னாமல் "முன்பக்கமாக" என்கிறார்கள். அதற்காக அவர்களைக் கடிந்து பயனில்லை. மனையாவெளிக் கரையில் மணலில் இழுக்கும் வள்ளம், கையை எடுத்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவர்கள் கண்டது அதைத்தான். அங்கே மணலும் பின்னால் இழுக்கிறது என்று கை உணராதவரை, விளையுள் விசை இல்லாவிட்டால் வேகம் மாறாது என்ற முதலாம் விதி வெறும் வசனம்.

வேண்டியவை கொஞ்சம்: ஒரு மீற்றர்ப் பலகை, கொளுக்கி பூட்டிய 500 கிராம் மரக்குற்றி, 10 நியூற்றன் வரை காட்டும் விற்றராசு. குற்றியைக் கிடையாக மெல்ல மெல்ல இழுக்கட்டும். குற்றி அசையாமலே வாசிப்பு ஏறும். நகரும் கணத்தில் உச்சம் தொட்டுச் சற்று இறங்கும். எல்லை உராய்வை, அதாவது நகரத் தொடங்குமுன் உராய்வு எட்டும் உச்சத்தை, பிள்ளை கண்ணால் காணும் இடம் அது, அவசரப்படுத்த வேண்டாம். குற்றியின் மேல் இன்னொரு 500 கிராம் வைத்தால் வாசிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தினால் பெரிதாக மாறாது. வகுப்பில் வாக்குவாதம் கிளம்புவது இதில்தான்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. நிலைக்குத்தில் பூச்சியம் காட்டும் தராசு கிடையாகப் பிடித்ததும் விலகும். மீண்டும் செப்பஞ்செய்ய வேண்டும். நூல் மேல்நோக்கிச் சாய்ந்தால் குற்றி பலகையை அழுத்துவது குறைந்து உராய்வும் குறையும். மூன்றாவது, சீராக இழுக்கக் கை வராது. தராசை மேசை ஓரத்து ஆணியில் மாட்டி, குற்றியைத் தராசில் கொளுவி, அடியிலுள்ள பலகையை இழுங்கள். பலகையின் வேகம் சற்று மாறினாலும் வாசிப்பு நிலையாக நிற்கும்.

பிறகு, விசை = திணிவு × ஆர்முடுகல் என்ற இரண்டாம் விதிக்குத் துரொல்லி (சில்லுள்ள சிறு வண்டி). முதலில், தட்டிவிட்டால் சீராக ஓடும் அளவுக்குப் பாதையைச் சாய்த்து உராய்வை ஈடுசெய்யுங்கள். 400 கிராம் துரொல்லியில் இரண்டு 50 கிராம் படிகளை ஏற்றி, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, துரொல்லியில் கட்டிய நூலில் கப்பி வழியே தொங்கவிட்டால் ஆர்முடுகல் 1 மீற்றர்/செக்கன்². இரண்டையும் தொங்கவிட்டால் 2. துரொல்லியிலிருந்து எடுக்காமல் புதிய படியைச் சேர்த்தால் 1.8 தான் வரும், ஏனெனில் தொங்கும் படியும் ஆர்முடுகுகிறது. அந்த வித்தியாசத்தை உராய்வின் தலையில் கட்டுவது பெரிய அநியாயம்.

நிறுத்தற்கடிகாரமும் வேண்டாம். ஒரு செக்கன் ஓட்டத்தில் கை 0.2 செக்கன் பிந்தினால் விடையே போய்விடும். செக்கனுக்கு 30 சட்டகம் எடுக்கும் கைத்தொலைபேசிக் காணொளியில், ஒரு மீற்றருக்கு முதல் ஓட்டம் ஏறத்தாழ 42 சட்டகம், அடுத்தது 30.

தாக்கமும் மறுதாக்கமும் சமன், எதிர்த்திசை என்ற மூன்றாம் விதிக்கு இரண்டு தராசுகளைக் கொளுவி இழுத்தாலே போதும். மேசைமேல் புத்தகத்தின் நிறையும் மேசையின் மறுதாக்கமும் தாக்க மறுதாக்கச் சோடி என்று எழுதுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் புத்தகத்திலேயே தாக்குகின்றன; சோடி என்றால் இரு வேறு பொருள்களில் தாக்க வேண்டும்.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தராசாவது தேவை. எங்கள் கடற்காற்றில் வில் துருப்பிடிக்கும். வாங்கும்போதே மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் சேர்த்து வாங்குங்கள்.

இங்ஙனம்,
திருகோணமலை விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்