டுபாய்ஸ் ஆல்பங்கள்: தொகுத்தவர் ஒருவர், எடுத்தவர் வேறொருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய வண்ணப் புள்ளிவிவர வரைபடங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, தமிழில் அதிகம் பேசப்படாத பொருளை எடுத்துக்கொண்டதற்காகவே பாராட்டத்தக்கது. ஆனால் கட்டுரையின் ஓரத்தில் அச்சிட்டிருந்த, அதே கண்காட்சிக்கான புகைப்பட ஆல்பங்களைச் சேர்ந்த இரண்டு உருவப்படங்களின் கீழே ‘படம்: டுபாய்ஸ்’ என்று போட்டிருந்தது சரியன்று. அவர் அப்படங்களைத் தொகுத்தவரே அன்றி எடுத்தவர் அல்லர். பெரிய பிழையா இது என்று கேட்கலாம். இந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை பெரிய பிழைதான் என்பது என் கருத்து.

டுபாய்ஸ் 1897 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்துவந்தார். பாரிஸ் கண்காட்சியில் ‘அமெரிக்க நீக்ரோ’ பகுதிக்குப் பொறுப்பேற்றிருந்த தாமஸ் காலோவே அவருடைய கல்லூரித் தோழர். காலோவே டுபாய்ஸிடம் உதவி கேட்டபோது கையில் இருந்த காலம் மிகக் குறைவு. மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு சுமார் 60 வரைபடங்களையும், ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினத்தாருக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டங்களைக் கையாலேயே எழுதிச் சேர்த்த 3 தொகுதிகளையும், 4 ஆல்பங்களில் 363 புகைப்படங்களையும் அவர் தயாரித்தார். இன்று வரைபடங்கள் உலகெங்கும் புகழ்பெற்றுவிட்டன. புள்ளிவிவரத்தைப் படமாக்கும் கலை பயில்வோர் அவற்றைப் பாடமாகவே கொள்கிறார்கள். ஆல்பங்களோ அவற்றுக்குப் பக்கவாத்தியம் போலவே நடத்தப்படுகின்றன. தங்கள் கட்டுரையும் அதற்கு விலக்கன்று.

அந்த ஆல்பங்கள் எந்தச் சூழலில் உருவாயின என்பதை மறந்துவிட்டு அவற்றைப் பார்க்க முடியாது. 1899 ஏப்ரலில் அட்லாண்டாவுக்கு அருகே சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு வெள்ளையர் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமான மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு ஒரு செய்தித்தாள் அலுவலகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த டுபாய்ஸ், ஹோஸின் விரல் முட்டி எலும்புகள் அதே தெருவின் மளிகைக் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை அறிந்து, பாதி வழியிலேயே திரும்பிவிட்டதாகத் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தம் மக்கள் கொல்லப்படும்போது ஒருவர் பற்றற்ற ஆய்வாளராக மட்டும் இருந்துவிட முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான். இத்தகைய கொலைகளைப் படமெடுத்து விற்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. இனங்களைத் தரம் பிரிக்கப் புறப்பட்ட அன்றைய ‘அறிவியலும்’ மனிதர்களை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படமெடுத்து, மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தது.

டுபாய்ஸ் தொகுத்த உருவப்படங்களில் பலவும் அதே முறையில், ஒரே ஆளை நேராக ஒன்று, முகத்தைத் திருப்பி ஒன்று என்று இரட்டையாக அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அமர்ந்திருப்பவர்களோ சரிகைக் கழுத்துப்பட்டை அணிந்த பெண்கள், மடிப்புக் கலையாத கோட்டு அணிந்த இளைஞர்கள், சட்டென அடையாளம் சொல்ல முடியாத பல நிறத்து முகத்தினர். எதிரியின் சட்டகத்தையே எடுத்து அதற்குள் எதிரியின் கணக்குக்கு அடங்காத மனிதர்களை உட்கார வைத்திருக்கிறார் அந்தப் பேராசிரியர். அந்த முகங்கள் அமெரிக்கரின் வழக்கமான எண்ணங்களோடு ஒத்துப்போகமாட்டா என்று அதே ஆண்டில் அவரே எழுதினார். இதனால்தான் வரைபடங்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது போதாது என்கிறேன். எண்களை மறுக்க விரும்புகிறவன் கூட்டல் பிழை என்று சொல்லித் தப்பலாம். முகத்தை அவ்வாறு தள்ளிவிட முடியாது.

இனி, எடுத்தவர் யார் என்ற கேள்வி. பெரும்பாலான படங்களில் எடுத்தவர் பெயரும் இல்லை, அமர்ந்தவர் பெயரும் இல்லை. சிலவற்றை மட்டும் அட்லாண்டாவில் ஸ்டுடியோ நடத்திய கறுப்பினப் புகைப்படக் கலைஞர் தாமஸ் ஆஸ்க்யூ எடுத்தார் என்று பின்னர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வயலின், மாண்டலின், கிதார் முதலிய கருவிகளோடு அவருடைய ஐந்து மகன்களும் அயல்வீட்டு இளைஞர் ஒருவரும் வீற்றிருக்கும் இசைக்குழுப் படம் அவற்றுள் ஒன்று. ஆஸ்க்யூ 1914-இல் இறந்தார். 1917-ஆம் ஆண்டு அட்லாண்டா பெருந்தீயில் அவருடைய வீட்டோடு ஸ்டுடியோவும் அழிந்தது. ஆகவே அவர் கைத்திறனுக்கு இன்று பெரும் சாட்சியாக எஞ்சியிருப்பது வேறொருவர் பெயரால் அறியப்படும் இந்தத் தொகுப்பே. அங்கும் அவர் பெயரை விட்டுவிட்டால் பிறகு எங்கே போடுவது?

இதில் டுபாய்ஸையும் முற்றாகக் குறைசொல்லாமல் விட முடியவில்லை. பெயர்களைக் குறித்து வைக்கும்படி ஒரு மாணவரை அமர்த்தியிருந்தால் அந்த மனிதர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு இன்று எவ்வளவு பயன்பட்டிருக்கும்! வீடும் கடையும் கல்வியும் கண்டுவிட்ட குடும்பங்களையே படங்களில் மிகுதியாகக் காண்கிறோம். பருத்தி வயலில் கடனில் மூழ்கியிருந்த குத்தகை உழவரின் நிலையை வரைபடங்களையும் சட்டத் தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அறிய முடியும். கண்காட்சிக்கு அவர் ஒரு வழக்கறிஞரைப் போல ஆதாரம் திரட்டினார் என்று புரிந்துகொண்டால் இந்தத் தெரிவு விளங்கும். பாரிஸ் அதற்குத் தங்கப் பதக்கமும் அளித்தது.

வாசகர்களின் கவனத்துக்கு இன்னொன்று. இந்த ஆல்பங்கள் இருப்பது வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில். டுபாய்ஸின் சொந்தத் தாள்களும் குடும்பப் படங்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில், அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் உள்ளன. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிட்டதாகத் தெரிகிறது. ஆம்ஹர்ஸ்ட் தொகுப்பில்தான், தீண்டப்படாதோரின் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டு, ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பினத்தார் அனுப்பிய மனுவின் பிரதியைக் கேட்டு 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. இரண்டு தொகுப்புகளையும் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

எனவே, ஆல்பங்களைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை, அடுத்த ஞாயிறு இணைப்பிலாவது ஒரு திருத்தக் குறிப்பு வரட்டும்: ‘தொகுப்பு: டுபாய்ஸ்; எடுத்தவர் பெயரும் படத்தில் இருப்பவர் பெயரும் அறியப்படவில்லை; அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்’ என்று சிறிய எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சிராப்பள்ளி