துளைப்புப் பதிவு இல்லாத குழாய்க்கிணறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வளவில் குழாய்க்கிணறு அடிக்க முற்படும் கொழும்புவாசிகள் அடிக்கு எவ்வளவு கூலி என்று விசாரிப்பார்களே தவிர, எத்தனையாவது அடியில் என்ன மண், எங்கே பாறை என்பதை எழுதித் தருவீர்களா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

தெஹிவளையில் உள்ள எங்கள் வளவுக்கு இயந்திரம் வருமுன்னர், ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை ஏந்தியபடி நீரோட்டம் பார்த்தார். தேங்காய் நிமிர்ந்த இடமே லொறியை நிறுத்த வசதியான இடமாகவும் இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை. ஏறத்தாழ 40 அடியில் பாறை தட்டியது. 200 அடி வரை சென்றும் கசிவுதான் கிடைத்தது. இரண்டு வீடு தள்ளி 90 அடியிலேயே தாராளமாக நீர் வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு குடியேறிய எம்மில் பலருக்கு, நிலத்தைத் தோண்டினால் நீர் வரும் என்பது பிறவி நம்பிக்கை. அங்கே கீழே இருப்பது மயோசின் எனப்படும் புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்து உண்டாக்கிய குகைகளிலும் வெடிப்புகளிலும் நீர் பரந்து நிற்கிறது. கொழும்பின் அடியில் இருப்பதோ, இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைத் தாங்கும் கேம்பிரியன் காலத்துக்கு முந்திய மிகப் பழைய கடும்பாறை. அதன் உடலுக்குள் நீர் தங்க இடமில்லை, பிளவுகளில்தான் ஓடுகிறது. பிளவைத் தொட்ட வீட்டுக்கு நீர், தப்பிய வீட்டுக்குப் பாறைத்தூள்.

பாறைக்கு மேலுள்ள படையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மேட்டு நிலங்களில், சிங்களத்தில் கபொக் எனப்படும் செம்புறைக்கல் தன் துளைகளில் மழைநீரைப் பிடித்து வைப்பதால் பழைய வெட்டுக்கிணறுகள் நிரம்புகின்றன. மழை விட்டால் அந்த நீர் விரைவாக இறங்கியும் விடும். சதுப்பை நிரப்பிக் கட்டிய பள்ளங்களில் கரிய சேற்று மண்ணும் களியும் கிடப்பதால் நீரில் இரும்பின் நிறமும் வாடையும் ஏறுவதுண்டு. கடலோர மணலில், உவர்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது; நன்னீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஓரடி உயர்ந்திருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே அங்கே மோட்டரை இடைவிடாது ஓட்டி மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலே உப்பு மேலெழும்.

எங்கள் கிணற்றில் நேர்ந்த பெரிய பிழை, துளையின் மேற்பகுதிச் சுவரைத் தாங்கி மேல்படை நீரைத் தடுக்கும் கேசிங் குழாயில்தான். உக்கிய பாறைப் படை முழுவதையும் கடந்து கடும்பாறைக்குள் சிறிது இறங்கி நிற்க வேண்டிய அக்குழாய், பல அடி முன்னரே நின்றுவிட்டது. மழை பெய்தால் கலங்கல் நீர் வருவதன் காரணத்தை, பணம் கொடுத்துக் கமரா இறக்கிப் பார்த்த பின்னரே அறிந்தோம். மலகூடக் குழிகள் நெருங்கிக் கிடக்கும் இந்நகரில் மேல்படை நீர் கிணற்றுக்குள் நேரே இறங்குவது வெறும் கலங்கலோடு நிற்கும் விடயமன்று.

1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாட்டில் நீர்வளச் சபை இருக்கிறது. தனியார் துளையிடும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கப் பதிவை, அதாவது மண் மாறிய ஆழங்கள், பாறை தொடங்கிய அடி, நீர் வெளிப்பட்ட பிளவு, கேசிங் நீளம், ஓய்வு நீர்மட்டம் (நீர் இறைக்காதபோது நிற்கும் மட்டம்), மணிக்கு எத்தனை லீற்றர் என்பவற்றை, வீட்டுக்காரரிடமும் அச்சபையிடமும் கையளிப்பதைக் கட்டாயமாக்கி, கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக மூன்று மொழிகளிலும் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துளைக்கும்போது காற்றழுத்தத்தில் மேலே வந்து விழும் தூளைச் சில அடிக்கொரு தடவை ஒரு பிடி எடுத்து வைப்பதற்குப் பெரிய செலவில்லை. இப்போது அது அள்ளிக் குப்பையில் கொட்டப்படுகிறது.

எங்கள் துளையைப் பற்றி நினைவில் இருந்தவற்றையும் கமராவில் கண்டவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அடுத்த மாதம் துளையிட இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தெஹிவளை.