பன்றிச் சிறுநீரகம் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், விடியும் முன்பே வீட்டிலிருந்து கிளம்பிவிடுவோம். அங்கே காத்திருப்பவர்களிடம் இப்போது ஓயாத பேச்சு, பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக மனிதருக்குப் பொருத்தும் பன்றிச் சிறுநீரகம்தான். போன வாரம் ஓர் அம்மா, "சீ, செத்தாலும் அது வேண்டாம்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பன்றித் திசுவில் செய்த இதய வால்வோடு எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள், அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலினும் பன்றி, மாட்டுக் கணையத்தில் எடுத்ததுதான். 2025இல் அமெரிக்காவில் ஒருவருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகம் 271 நாள் வேலை செய்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது நூறு டயாலிசிஸுக்கும் மேல், அந்த ஊசிகளின் வலி தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

என் பயம் வேறு. 1998, 99இல் இங்கே மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அது வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்து, பன்றியிடமிருந்து மனிதருக்குத் தாவிய நிப்பா வைரஸ் என்று பிறகுதான் தெரிந்தது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள்.

2022இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பன்றி இதயம் பொருத்தப்பட்ட டேவிட் பென்னட் இரண்டு மாதத்தில் இறந்தார். அந்தப் பன்றியை முன்கூட்டியே சோதித்திருந்தார்கள், அப்படியும் பன்றிகளுக்கு வரும் ஒரு வைரஸ் சோதனையில் தப்பி அந்த இதயத்தோடு அவர் உடம்புக்குள் போயிருந்தது. நிப்பாவைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், கேட்க வேண்டியது உறுப்போடு வைரஸும் வருமா என்பதைத்தான், பன்றியா மாடா என்பதை இல்லை.

இந்தச் சிகிச்சை இங்கே வருவதற்கு முன்பே சுகாதார அமைச்சு நமக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும்: பன்றியை எப்படி வளர்ப்பார்கள், எந்தெந்த வைரஸுக்குச் சோதிப்பார்கள், பொருத்திக்கொண்டவரை எத்தனை காலம் கண்காணிப்பார்கள், கூட இருக்கும் குடும்பத்துக்கும் ரத்தப் பரிசோதனை உண்டா?

என் கணவரிடம் கேட்டேன். "கிடைத்தால் நாளைக்கே போட்டுக்கொள்வேன். ஆனால் உனக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் ஒட்டாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்