பங்காளிகளின் கோட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் எல்ட்ஸ் கோட்டையைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் யாராலும் வெல்ல முடியாத கோட்டை என்று ஒரே வரியில் எழுதிவிட்டது உறுத்தியது.

1331இல் கோட்டையின் சொந்தக்காரர்களான எல்ட்ஸ் குடும்பத்துக்கும் ட்ரியர் நகரப் பேராயர் பால்டுவினுக்கும் சண்டை மூண்டது. பேராயர் எதிரேயிருந்த மேட்டில் ட்ரூட்ஸ் எல்ட்ஸ் என்று ஒரு முற்றுகைக் கோட்டையையே கட்டி, அங்கிருந்து கல்குண்டுகளை வீசச் செய்தார். மதில் விழவில்லை, சரி. ஆனால் சில ஆண்டுகளில் குடும்பம் பணிந்துபோனது. பேரரசரைத் தவிர யாருக்கும் கட்டுப்படாதிருந்தவர்கள் பேராயருக்கு அடங்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், இந்தக் கோட்டையின் உண்மையான கதை பங்காளிகளின் கதைதான். 1268 வாக்கில் அண்ணன் தம்பிகள் மூவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கெம்பெனிஹ், ரூபெனாஹ், ரோடன்டார்ஃப் என்று மூன்று கிளைகள் உருவாயின. மூன்று பக்கமும் ஓடை சூழ்ந்த பாறையில் அகலமாகக் கட்ட இடம் ஏது? அதனால்தான் ஒவ்வொரு கிளையும் மேலே மேலே கட்டிக்கொண்டே போனது. நீங்கள் வெளியிட்ட படத்தில் கோபுர வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது அதன் விளைவு. முற்றம் பொது, குடித்தனம் தனித்தனி. யாருக்கு என்ன உரிமை, எதைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒப்பந்தமாக எழுதி வைத்தார்கள். வாய்ப்பேச்சை நம்பாதது புத்திசாலித்தனம்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை அந்த வட்டாரக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தபோது எல்ட்ஸ் தப்பியதும் உறவுமுறையால்தான். ஹான்ஸ் அன்டன் என்ற குடும்பத்தவர் ஒருவர் அந்தப் படையிலேயே அதிகாரியாக இருந்தார்!

1815இல் முழுக் கோட்டையும் கெம்பெனிஹ் கிளையின் கைக்கு வந்தது. இன்றும் அது அவர்கள் சொத்துதான். அரசு அருங்காட்சியகம் என்று கட்டுரை சொன்னது தவறு. வசந்தத்தில் திறந்து இலையுதிர் காலம்வரை நுழைவுச்சீட்டு கொடுத்து, வழிகாட்டியோடு அறைகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். தங்கம், வெள்ளிப் பொருள்கள் தனிக் கருவூலத்தில் இருக்கின்றன. பழைய 500 மார்க் நோட்டில் இடம்பெற்ற கோட்டை இது என்பதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

உள்ளே படமெடுக்க விடவில்லை என்று அவர் குறைப்பட்டிருந்தார். அடுத்தவர் வீட்டுக்குள் போகிறோம், வீட்டுக்காரர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? வெளியே எடுக்கத் தடையில்லை. ட்ரூட்ஸ் எல்ட்ஸின் இடிபாடு இன்னும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. அதன் படத்தையாவது அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்